ஆறு கப்பல்கள், இரண்டு முத்திரைகள்

நாள் 1: ஹோலிஹெட்டிலிருந்து டப்ளின்

அப்பா பாஸ்போர்ட் எடுத்ததே அறுபத்தெட்டாவது வயதில்தான். அதில் விசாக்கள் ஒட்டிய பக்கங்களைத் தவிர மற்றவை எல்லாம் காலி. இந்தப் பயணத்துக்கு அவர் வைத்த ஒரே கோரிக்கை, நாட்டுக்கு நாடு விமானத்தில் தாவ வேண்டாம் என்பது. "கடல் வழியாப் போய் இறங்கினாத்தான்மா வேற நாட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்" என்றார். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு முத்திரை விழும் என்ற ஆசையும் அதில் சேர்ந்திருந்தது. அப்படி ஆரம்பித்ததுதான் இந்தத் திட்டம். செப்டம்பர் 2025, பன்னிரண்டு நாள், ஆறு கப்பல். முடிந்தவரை அன்றன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

பிரிட்டனில், வேல்ஸ் கரையில் உள்ள ஹோலிஹெட்டில் ரயில் நிலையமும் கப்பல் முனையமும் ஒரே கட்டடம். இறங்கி நடந்தால் செக்-இன் கவுன்டர். அங்கேயே முதல் சிக்கல் காத்திருந்தது.

அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. நம்மில் பலருக்கு அப்படித்தான். ஒரு பெயர், அதற்கு முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். டிக்கெட் படிவமோ குடும்பப் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே விடவில்லை. நான் தாத்தாவின் பெயரை அங்கே போட்டுவிட்டேன். இனிஷியலின் விரிவுதானே, தப்பில்லை என்று நினைத்தேன். கவுன்டரில் இருந்த பெண் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இந்தப் பெயர் இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். தாத்தாவின் பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், அப்பாவின் தந்தை என்ற இடத்தில் இருந்தது. அதைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கு அது போதவில்லை. உள்ளே போய் வேறொருவரை அழைத்து வந்தார். கப்பலுக்கு ஆட்களை ஏற்றும் பஸ் வெளியே நின்றுகொண்டிருந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கால் மணி நேரத்தில் சரியானது. குடும்பப் பெயர், இயற்பெயர் என்ற இரண்டு இடத்திலும் அப்பாவின் ஒரே பெயரைப் போட்டு டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தார்கள். "இனிமேல் எல்லாவற்றுக்கும் இப்படியே போடுங்கள்" என்றும் சொன்னார்கள். ஒற்றைப் பெயர்க்காரர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறுவனம் எப்படிக் கேட்கிறது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்பது இன்னும் நல்லது. பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு பெயரை மட்டும் நாமாக உருவாக்கிவிடக் கூடாது.

கப்பல் நிறுவனத்தின் ஆட்கள் ஏன் போலீஸைவிடக் கறாராகப் பார்க்கிறார்கள் என்று அப்பா கேட்டார். காரணம் சட்டத்தில் இருக்கிறது. சரியான ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வந்தால், ஏற்றி வந்தவருக்கு அபராதம். பிரிட்டனுக்கு அப்படி ஒருவரைக் கொண்டுவந்தால் ஆளுக்கு 2,000 பவுண்டு. மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் இதே மாதிரி சட்டம் உண்டு. எல்லைக் காவலின் முதல் வேலி டிக்கெட் கவுன்டரில்தான் போடப்பட்டிருக்கிறது.

டப்ளினுக்கு மூன்றேகால் மணி நேரம். அயர்லாந்துக்கு நாங்கள் தனி விசா வாங்கவில்லை. எங்கள் பிரிட்டன் விசாவில் பி.ஐ.வி.எஸ். என்ற எழுத்துகள் அச்சாகியிருந்தன. இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் விசாத் திட்டம் அது. விசா கொடுத்த நாட்டுக்குள் முதலில் நுழைந்துவிட வேண்டும், பிறகு அடுத்த நாட்டுக்குப் போகலாம். இதற்கு நேர்மாறான வரிசையில் டிக்கெட் போட்டால் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான். இங்கே வரிசை மிக முக்கியம்.

டப்ளின் துறைமுகத்தில் குடிவரவு அதிகாரி அந்த எழுத்துகளைத்தான் முதலில் தேடினார். எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் டிக்கெட் எங்கே என்று மூன்றே கேள்விகள். அப்புறம் முத்திரை. அப்பா மசி காயும் வரை அந்தப் பக்கத்தை மூடாமல், பாஸ்போர்ட்டை விரித்த கையோடு வெளியே வந்தார்.

நாள் 3: டப்ளினிலிருந்து ஹோலிஹெட்

இன்றைக்கு எதுவும் நடக்கவில்லை. எழுத வேண்டியதே அதைப் பற்றித்தான்.

டப்ளினில் கப்பல் ஏறும்போது நிறுவனத்தார் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள். ஹோலிஹெட்டில் இறங்கினோம். பஸ் கொண்டுவந்து விட்டது, கதவைத் தாண்டினோம், ரயில் நடைமேடை வந்துவிட்டது. அப்பா நின்றுவிட்டார். பாஸ்போர்ட் கையிலேயே இருந்தது.

"எங்கம்மா கவுன்டர்?"

"இல்லப்பா. இந்தப் பக்கம் வரும்போது கிடையாது."

"அப்ப நாம திரும்பி வந்தது இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அயர்லாந்து தனி நாடானபோது, 1920-களின் தொடக்கத்தில், இரண்டு நாடுகளும் தங்களுக்கிடையே பொதுப் பயணப் பகுதி என்று ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது நின்றுபோய், 1952-இல் மீண்டும் வந்தது. அந்த இரண்டு நாட்டுக் குடிமக்களும் பாஸ்போர்ட் இல்லாமலேயே போய்வரலாம். தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டத்தில் அயர்லாந்து சேராமல் இருப்பதற்கும் இதுதான் முக்கியக் காரணம். சேர்ந்தால் பிரிட்டனோடு இருக்கும் எல்லையில் சோதனை வைக்க வேண்டிவரும். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனிலிருந்து வருகிறவர்களை அயர்லாந்து சோதிக்கிறது. அயர்லாந்திலிருந்து வருகிறவர்களுக்குப் பிரிட்டனில் வழக்கமான குடிவரவுச் சோதனை கிடையாது.

அப்பாவுக்கு இது சந்தோஷமாக இல்லை. சோதனை இல்லாத இடத்தில் நடந்து வருவது ஏதோ தப்புச் செய்கிற மாதிரி இருக்கிறது என்றார். அவர் சொல்வதில் எனக்கும் உடன்பாடு உண்டு. கவுன்டர் இல்லை என்பதால் விதி இல்லை என்று ஆகாது. விசா தேவைப்படும் நாம் அந்தக் கதவைத் தாண்டும் நொடியில் செல்லுபடியாகும் விசாவோடு இருக்க வேண்டும். அதிகாரிகள் விரும்பினால் நிறுத்திக் கேட்கலாம். யாரும் கேட்காத எல்லையில் கணக்கைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு நம் தலையில்தான் வந்து விழுகிறது.

நாள் 5: டோவரிலிருந்து காலே

டோவரில் கப்பல் ஏறுவதற்கு முன்னால், இங்கிலாந்து மண்ணில், பிரெஞ்சு எல்லைப் போலீஸ் உட்கார்ந்திருக்கிறது. படித்துத் தெரிந்துவைத்திருந்த விஷயம்தான். ஆனாலும் அந்தச் சீருடையை நேரில் பார்த்தபோது ஒரு கணம் திகைப்பாகத்தான் இருந்தது.

முதலில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பும் கதை. பிரிட்டனுக்கு வெளியேறும் கவுன்டர் என்று ஒன்று கிடையாது. கப்பல் நிறுவனம்தான் பாஸ்போர்ட் விவரங்களை வாங்கி அரசுக்கு அனுப்புகிறது. 2015 ஏப்ரலிலிருந்து இப்படி. ஹோலிஹெட்டில் அப்பா கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் பதில் இங்கே கிடைத்தது. யாரும் பார்க்காத மாதிரி இருக்கும், ஆனால் எங்கோ ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது பிரெஞ்சுச் சாவடி. 2003 பிப்ரவரி 4 அன்று லெ துக்கே என்ற ஊரில் பிரிட்டனும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, பிரெஞ்சு அதிகாரிகள் டோவரிலும் பிரிட்டிஷ் அதிகாரிகள் காலேயிலும் சோதனை நடத்துகிறார்கள். காலேயில் எங்களை யாரும் கேட்கப்போவதில்லை. பிரான்சுக்குள் நுழைவது இங்கே, இங்கிலாந்திலேயே முடிந்துவிடும்.

எங்களுக்கு முன்னால் பிரிட்டிஷ் பயணிகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டிலும் முத்திரை விழுந்துகொண்டிருந்தது. 2020 முடியும் வரை அவர்களுக்கு இது இல்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரி 1 முதல் அவர்களும் நம்மைப் போலத்தான், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள் வரைதான் ஷெங்கனில் தங்கலாம். ஒவ்வொரு பாஸ்போர்ட்டிலும் பக்கம் தேடி, பழைய தேதிகளை எண்ணி, முத்திரை குத்த வேண்டும். ஆளுக்குச் சில நொடி கூடினாலே இந்தத் துறைமுகம் தாங்காது. பின்னால் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழுந்து நிற்கிறது, முன்னால் கடல், நடுவில் இருப்பது ஒரு துண்டு நிலம். விடுமுறை நாட்களில் கார் வரிசை ஊருக்குள் நீள்வதற்கு இந்த இட நெருக்கடியும் ஒரு காரணம்.

எங்கள் முறை வந்தது. ஷெங்கன் விசா ஒட்டிய பக்கத்தை நானே திருப்பிக் கொடுத்தேன். தங்குமிட முன்பதிவு, ஊர் திரும்பும் விமான டிக்கெட், பயணக் காப்பீடு மூன்றையும் தாளில் அச்செடுத்து வைத்திருந்தேன். செல்போனில் வைத்திருக்கலாம், ஆனால் சாவடியில் நிற்கும்போது பேட்டரியும் சிக்னலும் நம் கையில் இல்லை. அதிகாரி முதல் இரண்டையும் பார்த்தார், மூன்றாவதைக் கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்து ஆங்கிலத்தில், "இவர் உங்கள் மகளா?" என்றார். அப்பா, "ஆமாம், ஒரே மகள்" என்று அவர் கேட்காத விவரத்தையும் சேர்த்துச் சொன்னார்.

முத்திரை விழுந்தது. நாட்டைக் குறிக்கும் எழுத்து, தேதி, உள்ளே போகும் அம்புக்குறி. நுழைவு முத்திரை நேரான மூலைகள் கொண்ட செவ்வகம், வெளியேறும் முத்திரைக்கு மூலைகள் வளைந்திருக்கும். தூரத்திலிருந்தே அதிகாரிகளுக்கு வேறுபாடு தெரிவதற்காக இப்படி வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

கப்பலில் உட்கார்ந்ததும் அப்பாவிடம் அந்தச் செய்தியைச் சொன்னேன். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை தொடங்குகிறது. கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் வைத்துக்கொள்வார்கள். படிப்படியாக எல்லா எல்லைகளுக்கும் வந்து, 2026 ஏப்ரல் 10-க்குள் முத்திரையின் இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்.

அப்பா பாஸ்போர்ட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார். "அப்ப நாம சரியான மாசத்துலதான் வந்திருக்கோம்" என்றார்.

ஒன்றரை மணி நேரத்தில் காலே. சொன்ன மாதிரியே, யாரும் கேட்கவில்லை.

நாள் 7: தரை வழி, சுருக்கமாக

இரண்டு நாளும் ரயில்தான். ஜெர்மனியிலிருந்து டென்மார்க்குக்குள் நுழைந்ததும் டேனிஷ் போலீஸ் பெட்டிக்குள் ஏறிப் பாஸ்போர்ட் கேட்டது. ஷெங்கனுக்குள் சோதனை இல்லை என்று நான்தான் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். தற்காலிகமாக என்று சொல்லி 2016 ஜனவரியில் டென்மார்க் கொண்டுவந்த சோதனை, நீட்டித்து நீட்டித்து இன்னும் இருக்கிறது. முத்திரை மட்டும் கிடையாது. ஷெங்கனின் உள் எல்லையில் முத்திரை குத்த மாட்டார்கள்.

ஷெங்கன் ஒப்பந்தம் கையெழுத்தானதே ஒரு கப்பலில்தான். 1985 ஜூன் 14, லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்துக்கு அருகே, மொசெல் ஆற்றில் நின்ற பிரின்செஸ் மரி-அஸ்ட்ரிட் என்ற கப்பலில் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் கையெழுத்திட்டார்கள். பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க் மூன்றும் சந்திக்கும் இடம் அது. இதைக் கேட்டதும் அப்பா, அந்தக் கப்பலையும் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே என்று வருத்தப்பட்டார்.

நாள் 8: ஹெல்சிங்கரிலிருந்து ஹெல்சிங்போர்க்

டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே இங்கே கடல் நான்கு கிலோமீட்டர்தான். இருபது நிமிடப் பயணம். டிக்கெட்டை வாசலில் காட்டினோம், கதவு திறந்தது. பெயர் கேட்கவில்லை, பாஸ்போர்ட் கேட்கவில்லை. அப்பா மேல்தளத்தில் நின்று ஒரு கரையையும் மறு கரையையும் மாறி மாறிப் பார்த்தார். இறங்கும் இடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்று சிலரை மட்டும் நிறுத்திக் கேட்டார்கள். எங்களையும் நிறுத்தினார்கள். விசாவைப் பார்த்துவிட்டு நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

2016 ஜனவரி தொடங்கி அடுத்த ஆண்டு மே வரை இந்தக் கப்பலில்கூட அடையாள அட்டை காட்டாமல் ஏற முடியாது என்றிருந்தது. அகதிகள் பெருமளவில் வந்த காலத்தில் ஸ்வீடன் அந்தப் பொறுப்பைக் கப்பல், பஸ், ரயில் நிறுவனங்களிடம் கொடுத்திருந்தது. காலையில் இந்தக் கரையில் வீடு, அந்தக் கரையில் வேலை என்று தினமும் கடந்தவர்களின் நிலையை நினைத்துப் பார்த்தேன். இருபது நிமிடப் பயணத்துக்கு ஒரு வரிசை, அதுவும் தினமும்.

நாள் 10: ஸ்டாக்ஹோம், பிறகு இரவுக் கப்பல்

மாலையில் ஹெல்சிங்கிக்குக் கப்பல். காலையில் நேரம் இருந்ததால் யூர்கோர்டன் தீவில் உள்ள எஸ்டோனியா நினைவிடத்துக்குப் போனோம். வாசா அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. முக்கோணமாக நிற்கும் கருங்கல் சுவர்கள். உள்ளே நுழைந்தால் சுற்றிலும் பெயர்கள்.

1994 செப்டம்பர் 28 அதிகாலையில், எஸ்டோனியா நாட்டின் தலைநகர் தாலினிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு வந்துகொண்டிருந்த, அந்த நாட்டின் பெயரையே கொண்ட எஸ்டோனியா என்ற பயணிகள் கப்பல் பால்டிக் கடலில் மூழ்கியது. புயலில் முன்பக்க மூடி பிய்த்துக்கொண்டு போய், கார்த் தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கப்பலில் இருந்தவர்கள் 989 பேர், பிழைத்தவர்கள் 137 பேர். இறந்த 852 பேரில் 501 பேர் ஸ்வீடன்காரர்கள்.

அப்பா சுவரோரமாக மெதுவாக நடந்தார். அவருக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனார். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து வரும் இடங்களில் நின்றார்.

அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒன்றை அவருக்குச் சொன்னேன். இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 1998-இல் ஒரு விதி கொண்டுவந்தது. எந்தப் பயணிகள் கப்பலும் புறப்படும் முன் ஏறியிருக்கும் தலைகளை எண்ண வேண்டும். இருபது கடல்மைலுக்கு மேல் போகும் கப்பல் என்றால் எண்ணிக்கை போதாது, பெயர்களையும் பதிவு செய்ய வேண்டும். பின்னாளில் எந்த நாட்டவர் என்பதையும் சேர்த்தார்கள். ஏதாவது ஆனால் மீட்க வருகிறவர்களுக்கு எத்தனை பேரை, யார் யாரைத் தேட வேண்டும் என்று தெரிய வேண்டுமல்லவா?

"அதனாலதான் அந்தச் சின்னக் கப்பல்ல பேரு கேக்கலியா?" என்றார் அப்பா. ஆமாம், நான்கு கிலோமீட்டர் கப்பலில் எங்களை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

மாலையில் செக்-இன். ஸ்வீடனும் பின்லாந்தும் ஷெங்கன் நாடுகள்தான். அதற்கு வெகு முன்பே, 1950-களிலேயே, வட ஐரோப்பாவின் நோர்டிக் நாடுகள் தங்கள் குடிமக்களுக்குள் பாஸ்போர்ட் சோதனையை எடுத்துவிட்டன. ஆனாலும் கவுன்டரில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெயரைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்பாவின் பெயர் இரண்டு கட்டத்திலும் இருந்தது. ஹோலிஹெட்டில் கற்றுக்கொண்டபடியே போட்டிருந்தேன். ஒரு கேள்வியும் வரவில்லை.

நள்ளிரவை ஒட்டிக் கப்பல் மரிஹாம்ன் துறைமுகத்தில் சில நிமிடங்கள் நின்றது. ஓலாந்து தீவுகளின் தலைநகர் அது. பின்லாந்தைச் சேர்ந்த தீவுகள் என்றாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி வட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. அங்கே தொட்டுவிட்டுப் போனால்தான் கப்பல் கடைகளில் வரியில்லாமல் விற்கலாம். அதற்காகவே இரவில் அந்த நிறுத்தம். ஆளுக்கான எல்லை அங்கே இல்லை, பொருளுக்கான எல்லை மட்டும் இருக்கிறது. கேபின் சன்னலில் துறைமுக விளக்குகள் வந்து நின்று, பிறகு நகர்ந்து போயின. அப்பா தூங்கவில்லை. அவசரகால வழி எந்தப் பக்கம் என்று கதவில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

நாள் 12: ஹெல்சிங்கியிலிருந்து தாலின்

கடைசிக் கப்பல். சுமார் 80 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். எஸ்டோனியா 2007 டிசம்பர் 21 அன்று ஷெங்கனில் சேரும் வரை இந்த வழியில் பாஸ்போர்ட் சாவடி இருந்தது. இப்போது இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ கையில் இருக்க வேண்டும், ஐரோப்பியர்களுக்கும்தான். நம்மைப் போன்றவர்களுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும். ஷெங்கனுக்குள் தானே, பாஸ்போர்ட்டை ஓட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டு ஒரு நாள் தாலின் போய்வரலாம் என்று நினைக்க வேண்டாம். கையோடு எடுத்துப் போங்கள்.

மேற்குத் துறைமுக முனையத்தில் வரிசையாக இயந்திரங்கள். முன்பதிவு எண்ணைத் தட்டினால் ஏறும் அட்டை வெளியே வருகிறது. மனிதர் யாரும் இல்லை. நான் இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வாயிலை நோக்கி நடக்க ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா வரவில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று, உள்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரும் கேக்கலப்பா."

"இரும்மா. என் அட்டையைக் கொடு."

கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் அட்டையையும் அருகருகே பிடித்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு முறை அச்சாகியிருந்ததால் இரண்டு முறையும் பார்த்தார். அப்புறம் அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து மூடினார்.

"சரியா இருக்கு" என்றார். "உன்னதையும் எடு, பாத்துடலாம்."